தறி தந்த அட்டை தறிக்கே திரும்பிய வரலாறு

சென்ற மாதம் காரிமங்கலத்தில் கூடிய உறுப்பினர் கூட்டமொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வரவு செலவுக் கணக்குகள் படிக்கப்பெற்று முடிந்தபின், சேலை உருவரைகளைத் தீட்டுவதற்கெனக் கணினி ஒன்று வாங்கலாமா என்ற பொருள் விவாதத்திற்கு வந்தது. இளைஞர்கள் பலர் ஆர்வத்தோடு பேசினர். அப்பொழுது, கிராப் தாளில் பூ எழுதியும் அட்டை அடித்தும் தலை நரைத்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"சார், படம் போடுவதும் அந்தப் பெட்டி, அட்டை அடிப்பதும் அந்தப் பெட்டி என்றால், இத்தனை வருஷம் நான் கற்ற வேலைக்கு இனி என்ன விலை?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. அடுத்தாற்போல், மல்பெரித் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், "எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்.

இவ்விரு கேள்விகளுக்கும் அன்றைய தினம் நம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை. பின்னர் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை உறுப்பினர்களின் பார்வைக்கு இங்கே வைக்கின்றோம். இவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் ஓர் அம்மையார். கணினி வேலையும் நெசவின் இலக்கணமும் ஒருங்கே அறிந்தவர். முதலில், நெசவு அறியாத நம் விவசாய உறுப்பினர்களின் பொருட்டு, பெரியவர் செய்துவந்த வேலை யாது என்பதைச் சொல்லிவிடுவோம்.

தொண்ணூற்றாறாயிரம் கட்டங்கள்

சேலையின் கரையில் ஒரு மயிலோ அன்னமோ வரவேண்டுமாயின், ஒவ்வொரு முறை ஊடை இழை செல்லும்போதும் பாவு இழைகளில் எவை மேலெழவேண்டும், எவை தங்கவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருத்தல் வேண்டும். இம்முடிவைத் தறிக்கு அறிவிப்பதே ஜக்கார்டுப் பெட்டியின் பணி. தறியின் தலைக்கு மேல் அமைந்த அப்பெட்டியில் வரிசை வரிசையாகக் கொக்கிகள் உண்டு. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஒரு கொக்கிக்கு அட்டையில் ஓர் இடம். அவ்விடத்தில் துளை இருந்தால் கொக்கி எழுந்து தன் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையேல் அவ்விழை கிடந்தபடியே கிடக்கும்.

240 கொக்கிகள் கொண்ட பெட்டியில், 400 ஊடைகளில் முடியும் ஒரு கரைப்பூவை நெய்ய 400 அட்டைகள் வேண்டும். அதற்கு முன், அப்பூவைக் கட்டம் போட்ட தாளில் எழுதியாகவேண்டும். 240-ஐ 400-ஆல் பெருக்கினால் 96,000 கட்டங்கள். அவற்றுள் நிறம் பெறுவது எது, பெறாதது எது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கவேண்டும். ஜரிகை, பிணைப்பின்றி நெடுந்தூரம் மிதந்து கிடக்குமாயின், உடுத்துபவரின் வளையலில் சிக்கி அறுந்துபோகும். ஆகவே பூவின் அழகு கெடாமலும் இழை மிதக்காமலும் இடையிடையே பிணைப்புப் புள்ளிகள் வைக்கவேண்டும். ஒரு கட்டம் பிழைத்தால் ஒரு பூவோடு அப்பிழை நில்லாது. சேலை முழுவதும் ஒவ்வொரு பூவிலும் அதுவே திரும்பத் திரும்ப வரும். பெரியவர் பல்லாண்டுகள் கண்ணைச் சுருக்கிச் செய்த வேலை இதுவே.

அட்டை சென்ற பயணம்

துளையிட்ட அட்டையால் தறியை இயக்கும் இம்முறையை 1804ஆம் ஆண்டளவில் செவ்வைப்படுத்தியவர், பிரான்சு நாட்டில் பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர். அவர் பெயரையே நாம் இன்றும் தறிமேல் ஏற்றி வைத்திருக்கிறோம். அவர் மறைந்தபின் 1839இல் அவருடைய உருவமே பட்டில் நெய்யப்பெற்றது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் செலவாயின.

அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர், இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். துளையட்டை, தறிக்குப் பூவைச் சொல்லுமாயின், யந்திரத்திற்குக் கணக்கையும் சொல்லலாம் அன்றோ என்பது அவர் எண்ணம். அவர் திட்டமிட்ட பெரிய கணக்கு யந்திரம் அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. எனினும் எண்ணம் அழியவில்லை. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கைத் துளையட்டைகளைக் கொண்டு ஹெர்மன் ஹாலரித் என்பவர் எண்ணிக் காட்டினார். அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து வளர்ந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. பின்னாளில் உலகமெங்கும் கணினிகளை விற்ற நிறுவனம் அது.

இவ்வாறு, பட்டு நெசவாளன் தறியிலே வளர்ந்த அட்டை, கணக்கனின் மேசைக்குச் சென்று கணினியின் உணவாயிற்று. அதனை மீண்டும் தறிக்கு அழைத்து வந்த பெருமை, அந்த ஐ.பி.எம். நிறுவனத்திலேயே பணியாற்றிய ஓர் அம்மையாரைச் சாரும்.

லூரி அம்மையாரின் பணி

ஜேனிஸ் லூரி என்பது அவர் பெயர். கணினி அறிவியலாளர் எனவும் ஓவியக் கலைஞர் எனவும் இருவகையாலும் அறியப்பெற்றவர்; நெசவுக் கலையில் ஈடுபாடு கொண்டவர். அவர் முதலில் கைவைத்தது துணியில் அன்று. பல கிடங்குகளிலிருந்து பல சந்தைகளுக்குச் சரக்கு அனுப்புகையில், வழியில் நேரும் குறைவையும் கணக்கிட்டு, எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்று காணும் கணக்கு ஒன்றுண்டு. அக்கணக்கைக் கணினியால் தீர்ப்பது பற்றி 1964இல் அவர் எழுதிய கட்டுரை அறிஞரிடையே வழங்குகிறது. பட்டுக்கூட்டை வண்டியேற்றிச் சந்தைக்கு அனுப்பும் நம் உறுப்பினர்களுக்கு இக்கணக்கின் அருமை விளங்கும்.

அக்காலத்தில் கணினியில் படம் வரைவது என்பதே புதுமை. 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் இளம் ஆராய்ச்சியாளர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒளிப்பேனா கொண்டு திரையின்மீது கோடு இழுத்துப் படம் அமைக்கும் முறையைச் செய்து காட்டினார். யந்திர உறுப்புகளுக்கும் கட்டடங்களுக்கும் இன்று கணினியில் உருவமைக்கும் துறை முழுவதற்கும் அதுவே முன்னோடி. விமானமும் மோட்டாரும் செய்வோர் இக்கருவியின்பால் கண்வைத்த அந்நாளில், இது துணிக்கும் ஆகும் என்று கண்டவர் லூரி அம்மையார். உடன் பணியாற்றிய இருவருடன் சேர்ந்து 1966இல் அறிஞர் மாநாடொன்றில் தம் முறையை அவர் விளக்கினார்.

அம்முறை இதுதான். ஓவியர் தம் உருவரையின் வெளிக்கோடுகளை மட்டும் வரைவார். அவை திரையில் தோன்றும். பின்னர் ஒவ்வொரு பகுதியையும் ஒளிப்பேனாவால் தொட்டு, 'இதழுக்கு இன்ன பின்னல், இலைக்கு இன்ன பின்னல், தரைக்கு இன்ன பின்னல்' என்று குறிப்பார். குறித்த மாத்திரத்தில் கணினி அப்பகுதி முழுவதையும் அந்தப் பின்னலின் கட்டங்களால் நிரப்பிவிடும். பார்த்து, பிடிக்கவில்லையாயின் மாற்றலாம். முடிவில், எந்த ஊடைக்கு எந்த இழை எழவேண்டும் என்னும் பட்டியலை, தறிக்கு வேண்டிய வடிவில் கணினியே தந்துவிடும்.

வரப்புக்குள் நீர்

'இதழை நிரப்பு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இதழின் உள் எது, வெளி எது என்று யந்திரத்திற்கு எப்படித் தெரியும்? குழந்தையும் கண்டவுடன் அறிவதைக் கணினி அறியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளிகளும் எண்களுமே.

நம் வயல்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வரப்பு நான்கு புறமும் சரியாக இருந்தால் பாய்ச்சிய நீர் அந்தப் பாத்திக்குள்ளேயே நிற்கும். ஓரிடத்தில் நண்டு வளை இருந்தாலும் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். உருவரையின் கோடும் வரப்பைப் போன்றதே. கோடு மூடியுள்ளதா, எது உட்புறம், ஒரு பாத்திக்குள் மற்றொரு பாத்தி இருந்தால் எதை நிரப்பி எதை விடுவது என்பவற்றையெல்லாம் கணினிக்கு விதிகளாக எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. ஓவியன் வரைந்த எல்லையையும் நெசவாளன் அறிந்த பின்னலையும் இவ்வாறு ஒன்றிணைத்ததே அம்மையாரின் கண்டுபிடிப்பின் உயிர்நாடி.

1968ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இம்முறை பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது. காண வந்தவர்கள் திரையில் ஒளிப்பேனாவால் தாம் விரும்பியதைக் கிறுக்க, கணினியோடு இணைந்த தறி அதனைத் துணியாக நெய்து தந்தது. 1970 செப்டம்பரில், 'துணிகளின் வரைபட உருவமைப்பு' என்னும் பொருள் பற்றி அம்மையாருக்கு அமெரிக்கக் கண்டுபிடிப்பு உரிமம் வழங்கப்பெற்றது, ஐ.பி.எம். நிறுவனம் பெற்ற முதல் மென்பொருள் உரிமம் இதுவே என்பர். 1973இல் இத்துறை பற்றித் தனி நூலொன்றையும் அவர் வெளியிட்டார்.

ஓர் உண்மையை இங்கு மறைத்தலாகாது. இம்முறையால் அன்று பயன்பெற்றவை பெரும்பாலும் ஆலைகளே. கணினி என்பது ஓர் அறையை அடைக்கும் பொருளாகவும் பெருமுதலாளிகள் மட்டுமே வாங்கக்கூடிய விலையுள்ளதாகவும் இருந்த காலம் அது. கட்டம் எழுதிய கைகளின் வேலை சுருங்கிற்று; சுருங்கியதால் வந்த மிச்சம் ஆலையின் கணக்கில் ஏறிற்று. நம் பெரியவரின் கேள்வி வெறும் அச்சத்தினால் எழுந்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

நம் தறிக்கு வந்த வழி

உரிமங்களுக்குக் கால எல்லை உண்டு. அம்மையார் பெற்ற உரிமத்தின் காலம் அந்நாட்டுச் சட்டப்படி 17 ஆண்டுகளில் முடிந்தது. இன்று அம்முறையின் அடிப்படை எவருக்கும் உரிய பொதுச் சொத்து. அறையை அடைத்த கணினியும் மேசைமீது அடங்கிவிட்டது. 1983இல் இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டை வெளியிட்டபின், அட்டையே இல்லாமல் கணினியிலிருந்து கொக்கிக்கு நேரே செய்தி செல்லும் வழியும் ஏற்பட்டது.

நம் நாட்டில் கைத்தறிக்கென்றே 'டிஜிபுனாய்' என்னும் மென்பொருள் ஆக்கப்பெற்றுள்ளது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தைச் சேர்ந்த டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் என்னும் அமைப்பு இதனை உருவாக்கியது. பனாரஸ் சேலையையும் காஞ்சிபுரச் சேலையையும் கருத்தில் கொண்டு, ஜக்கார்டு, டாபி ஆகிய இருவகை நெசவுக்கும் உதவுமாறு அமைந்தது. இது திறந்த மூல மென்பொருள். அஃதாவது, விலை கொடுக்காமல் பெறலாம். உள்ளமைப்பை ஆராய்ந்து திருத்தவும் செய்யலாம். நமக்கு அண்மையில் சேலத்தில், 1960 முதல் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கின்றது. கணினி வழி உருவமைப்பைக் கற்க விரும்பும் நம் பிள்ளைகள் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.

மல்பெரி வளர்க்கும் உறுப்பினருக்கு நாம் தரும் விடையும் இங்கேயே உள்ளது. தருமபுரி அங்காடியில் ஏலம் போகும் பட்டுக்கூடு நூலாகி, பாவாகி, இறுதியில் ஒரு சேலையாக விற்கவேண்டும். நல்ல கூடு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீள இழை கிடைக்கலாம். ஆனால் அந்த இழை நுழைந்த சேலையை வாங்குவோர் விரும்பாவிடில், அதன் நட்டம் படிப்படியாக இறங்கி இறுதியில் கூடு விற்பவரின் வாசலில்தான் வந்து நிற்கும். பழைய கரையையே ஆண்டுக்கணக்கில் நெய்து, சரக்குத் தேங்கிய சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம். புதுப் பூ ஒன்றைக் கிராப்பில் எழுதி அட்டை கட்டுவதற்கு ஆகும் செலவுக்கும் நாளுக்கும் அஞ்சியே அவை மாற்றத்தைத் தள்ளிப்போட்டன. அச்செலவைக் கணினி குறைக்குமாயின், பயன் நெசவாளரோடு நில்லாமல் புழு வளர்ப்பவர்க்கும் சேரும்.

பூ யாருடையது?

எனினும், கருவி வந்தால் மட்டும் போதாது. நமது அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லுகின்றோம். சங்கத்தின் பெயர் வேண்டா. அச்சங்கம் வெளியார் ஒருவரிடம் பணம் கொடுத்துப் புதிய முந்தி ஒன்றைக் கணினியில் வரைவித்தது. சேலை நன்றாக விற்றது. ஒரு பருவம் கழிவதற்குள் அதே முந்தி, அதே கொடி, அதே மொட்டு, விசைத்தறிச் சேலையில் பாதி விலைக்குக் கடைகளில் தொங்கிற்று. விசாரித்தபோது, கணினிக் கோப்பு வரைந்தவரிடமே இருந்ததும், சங்கத்திடம் ஒப்பந்தமோ பதிவோ ஒன்றும் இல்லாததும் தெரியவந்தன. தீர்மானப் புத்தகத்தில் 'டிசைன் செலவு' என்று ஒரு வரி மட்டுமே இருந்தது.

அட்டைக் கட்டை ஒருவன் திருடவேண்டுமாயின் தோளில் தூக்கிச் செல்லவேண்டும், ஊர் பார்க்கும். கோப்பைத் திருட ஒரு விரல் போதும், எவரும் பாரார். ஆகவே கணினி வாங்க எண்ணும் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை முதலிலேயே செய்துகொள்ளுதல் நலம்.

முதலாவது, உருவரையைச் சங்கத்தின் சொத்தாகப் பதிவு செய்தல். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவம் ஒன்றைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் முன்னரே வெளியான வடிவத்தைப் புதியது என்று பதிவு செய்ய இயலாது. சேலை கடைக்குப் போன பிறகு விண்ணப்பிக்க நினைப்பது, வெள்ளம் போன பின் அணை கட்டுவதாகும். நம் முன்னோர் தந்த மயிலும் அன்னமும் உருத்திராட்சமும் எவர் ஒருவருக்கும் தனியுடைமை ஆகா. அவற்றிலிருந்து நாம் புதிதாகப் படைக்கும் அமைப்பையே பதிவு செய்தல் கூடும்.

இரண்டாவது, உருவரைப் பதிவேடு. வரைந்தவர் பெயர், நாள், கொக்கி எண்ணிக்கை, ஊடை எண்ணிக்கை ஆகியவற்றோடு ஒவ்வொரு பூவும் பதிவேட்டில் ஏறவேண்டும். கோப்பின் படி சங்கத்தின் பெட்டகத்தில் இருக்கவேண்டும். வெளியாரிடம் வரைவித்தால், கோப்பும் உரிமையும் சங்கத்தைச் சேரும் என்று எழுத்து மூலம் பெறவேண்டும்.

மூன்றாவது, ஒரு சங்கத்தால் இயலாததைப் பல சங்கங்கள் கூடிச் செய்தல். ஒரு கணினிக்கும் அட்டை அடிக்கும் யந்திரத்திற்கும் ஒரே சங்கத்தில் ஆண்டு முழுவதும் வேலை இராது. அண்டைச் சங்கங்கள் பங்கிட்டுக்கொண்டால் செலவும் குறையும்; யந்திரமும் துருப்பிடிக்காது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபோது தனித்தனிச் சங்கங்கள் விற்பனைக்காக ஒன்று சேர்ந்தன. உருவரைக்காகவும் நாம் அவ்வாறே சேரலாம்.

நான்காவதாக நாம் கூறுவதே முதன்மையானது. முதல் பயிற்சி இடத்தைக் கிராப் எழுதியவருக்கும் அட்டை அடித்தவருக்கும் கொடுக்கவேண்டும். பகுதியை நிரப்புவது கணினிக்கு எளிது. ஆனால் எந்தப் பகுதிக்கு எந்தப் பின்னல், எந்த இடத்தில் ஜரிகையைப் பிணைத்தால் இதழ் கசங்காமல் நிற்கும், நம் ஊர்ப் பாவு எவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும் என்னும் அறிவு பெரியவரிடமே உள்ளது. திரையில் அழகாகத் தோன்றும் பூ தறியில் ஏறியபின் சப்பையாகிப் போவதை நெசவாளர் அறிவர். பெரியவருக்கு விசைப்பலகை பழகாவிடில், படித்த பிள்ளை ஒருவனை அருகே அமர்த்துவோம். அவன் கை ஓடட்டும், இவர் கண் சொல்லட்டும். இருவர் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும். இருவருக்கும் கூலி கிடைக்கட்டும். கிராப்பில் மிச்சமாகும் செலவில் ஒரு பகுதியை, இவ்வேலையை இழப்போரின் மறுபயிற்சிக்கென்றே நிருவாகக் குழு தீர்மானம் போட்டு ஒதுக்கவேண்டும். மிச்சம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதில்தான் ஆலைக்கும் சங்கத்திற்கும் உள்ள வேற்றுமை விளங்கவேண்டும்.

லூரி அம்மையாரின் வரலாறு நமக்குக் கற்பிப்பதும் இதுவே. ஓவியமும் பின்னலும் கணினியும் ஒருவர் உள்ளத்திலேயே ஒன்றுகூடியதால் அக்கண்டுபிடிப்பு பிறந்தது. நம்மிடம் அவை மூன்றும் இருக்கின்றன. ஆனால் தந்தையிடம் ஒன்றும் மகளிடம் ஒன்றும் அடுத்த வீட்டாரிடம் ஒன்றுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பதற்குச் சங்கத்தைவிடச் சிறந்த இடம் வேறில்லை.

காரிமங்கலத்துப் பெரியவருக்கு நாம் தரும் மறுமொழி இது: ஐயா, கட்டத்திற்கு மை பூசிய உழைப்பைக் கணினி எடுத்துக்கொள்ளும், அதனை மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்திற்குப் பூசவேண்டும் என்று அறிந்த அறிவுக்கு இனியும் விலை உண்டு. அவ்விலை தங்களுக்குக் கிடைக்கவேண்டுமாயின் அதனைப் பேரவையில் எழுந்து கேட்கவேண்டும். அன்று எழுந்தீர்களே, அவ்வாறே. கணினி வாங்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு வருமென அறிகின்றோம். விலைப்புள்ளியைப் படிக்கும் முன், இங்கே கூறிய நான்கையும் தீர்மானத்தில் சேர்த்துவிட்டுக் கையொப்பமிடுமாறு உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.